துடுக்கான இளம் நாயைப் பட்டிக்குப் பழக்குதல்

காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரங்களில் 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் நாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறிய செய்திகள் அடிக்கடி வந்தன. விவசாயிகள் இறந்த ஆடுகளுடன் போராடியதும், நஷ்டஈடு கேட்டதும் அனைவரும் அறிந்ததே. கொங்குப் பகுதிக் கொரங்காடுகளில் ஆட்டுடன் நாள் முழுதும் ஆள் நிற்கும் வழக்கம் இல்லை. கிளுவை வேலி அடைத்து, கொழுக்கட்டைப்புல் வளர்ந்த காட்டில் மறிகளை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். மாலையில் பட்டியில் அடைப்பார்கள். வேலி ஆட்டை உள்ளே வைக்கும். நாயை வெளியே வைக்காது.

ஆகவே பலர் காவலுக்கு நாய்க்குட்டி வாங்கி வளர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஏழெட்டு மாதம் கழித்து இவர்களில் சிலர் ஒரே குறையைச் சொல்லுகிறார்கள். குட்டி ஆட்டைத் துரத்துகிறது, செம்மறிக் குட்டியின் காதைக் கடித்துவிட்டது, சொட்டுநீர்க் குழாயைக் கடித்துத் துண்டு துண்டாக்குகிறது, கோழியைப் பிடிக்கிறது. "இது பட்டிக்கு ஆகாத நாய்" என்று முடிவு கட்டி, நன்றாக அடித்து, சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றி அடுத்த ஊர் எல்லையில் விட்டுவருகிறார்கள். அந்த நாய் எங்கே போகும்? அங்கே சுற்றும் கூட்டத்தில்தான் சேரும். ஆடு எப்படி மிரண்டு ஓடும், எங்கே வாய் வைத்தால் பிடி கிடைக்கும் என்று நம் பட்டியிலேயே பாடம் படித்த நாய் அது. சோறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

ஏழு மாத நாய் ஆட்டைத் துரத்துவது கெட்ட குணம் அல்ல. அது அந்த வயதின் விளையாட்டு. இளங்காளை நுகத்தடியைக் கண்டு திமிறுவதைப் போன்றது. காளையைப் பழக்க ஒரு பருவம் முழுதும் பொறுத்திருக்கும் நாம், நாய் மட்டும் வந்த மறுநாளே காவல் காக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பட்டி நாய் முழு நம்பிக்கைக்கு உரியதாக ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும்.

ஓட்டும் நாய் வேறு, காக்கும் நாய் வேறு

கைபேசிப் படங்களில் வெளிநாட்டு நாய்கள் விசில் ஒலிக்கு ஏற்ப மந்தையை வளைத்து ஓட்டுவதைக் கண்டு, அவ்வகைக் குட்டிகளை அதிக விலைக்கு வாங்குவோர் இப்போது உண்டு. பிரிட்டனின் பார்டர் கோலி கண்ணாலேயே ஆட்டை முறைத்து நகர்த்தும். ஆஸ்திரேலிய மாட்டு நாய், 19ஆம் நூற்றாண்டில் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் மாடு ஓட்டும் நாய்களை டிங்கோ என்னும் காட்டு நாயுடன் கலந்து உண்டாக்கப்பட்டது. அது மாட்டின் குதிகாலைக் கவ்வி ஓட்டும். உதை விழுமுன் தரையோடு படுத்துக்கொள்ளும். அங்கே ஆயிரக்கணக்கான மாடுகளை நெடுந்தூரம் ஓட்ட வேண்டியிருந்தது. அதற்கு அந்த நாய் தேவைப்பட்டது. நாற்பது ஆடும் இரண்டு மாடும் வைத்திருப்பவருக்கு அதனிடம் வாங்க வேலை இல்லை. வேலை இல்லாத அவ்வின நாய், தானே வேலை உண்டாக்கிக்கொண்டு குழந்தைகளின் குதிகாலைக் கவ்வும்.

ஓநாயின் வேட்டையில் பல படிகள் உண்டு: இரையைக் கண்டு நிற்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்லுவது. ஓட்டும் நாயிடம் முதல் மூன்று படிகளை வளர்த்து, கடைசியை மனிதன் அடக்கி வைத்திருக்கிறான். காக்கும் நாயிடம் இவை எல்லாமே மங்கியிருக்க வேண்டும். அமெரிக்காவில் ஹாம்ப்ஷயர் கல்லூரியைச் சேர்ந்த ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் தம்பதியர் 1970களின் பிற்பகுதி முதல் ஐரோப்பிய, துருக்கியக் காவல் நாய்களை ஆட்டுப் பண்ணைகளில் வளர்க்கக் கொடுத்து ஆராய்ந்தனர். குட்டிப் பருவத்திலேயே ஆட்டோடு வளரும் நாய் ஆட்டைத் தன் இனமாகக் கருதுகிறது என்பது அவர்கள் வற்புறுத்திய கருத்து. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கிடை போடும் கீதாரிகள் குட்டி நாயைக் கிடையோடே வளர்த்துவரும் வழக்கத்திற்கும் இதுவே காரணம்.

குட்டியைத் தேர்ந்தெடுத்தல்

ஜாதி நாய்தான் வேண்டும் என்பதில்லை. ஆட்டுக்காரர் வீட்டில், ஆட்டைக் கடிக்காத தாய்க்குப் பிறந்த நாட்டு நாய்க்குட்டியே பட்டிக்கு முதல் தரம். தாயை நேரில் பார்த்து வாங்க வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்த வளர்க்கப்பட்ட வேட்டை நாய்கள். ஓடுவதைக் கண்டால் துரத்துவது அவற்றின் இரத்தத்தில் ஊறியது. அவற்றைப் பட்டியில் பழக்க முடியாது என்று சொல்லவில்லை. கண்காணிப்பு இரண்டு மடங்கு வேண்டும். (முயல் வேட்டை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நல்லது.) கோம்பை நாயும் ராஜபாளையமும் காவலுக்குப் பெயர் பெற்றவை. 2005ஆம் ஆண்டில் தபால்தலையிலே இடம் பெற்ற ராஜபாளையம் நாயில் பிறவிச் செவிடு காணப்படுவதுண்டு. ஆகவே வெள்ளைக் குட்டியை வாங்குமுன், அது வேறு பக்கம் பார்த்திருக்கையில் பின்னால் நின்று ஒரு தட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும். திரும்பாத குட்டி இரவுக் காவலுக்கு உதவாது.

ஒரே ஈற்றில் இரண்டு குட்டிகளை வாங்கி ஒன்றாக வளர்ப்பது வேண்டாம். இரண்டும் சேர்ந்து விளையாடும். விளையாட்டு முற்றினால் மூன்றாவது ஆளாக ஒரு ஆட்டுக்குட்டியைச் சேர்த்துக்கொள்ளும். அந்த விளையாட்டில் ஆட்டுக்குட்டிதான் சாகும். இரண்டு நாய் தேவையானால் முதல் நாய் முதிர்ந்த பிறகு அடுத்ததைக் கொண்டுவரலாம். மூத்த நாய் இளசைக் கண்டிக்கும் அழகை நாம் கற்றுக்கொடுக்க இயலாது.

எட்டு வாரம் முதல் பதினாறு வாரம் வரை

தாயிடமிருந்து எட்டு வாரத்திற்கு முன் பிரித்தல் கூடாது. அதன் பின் வரும் இரண்டு மாதங்கள் மிக முக்கியமானவை. பட்டியின் ஒரு மூலையில் நாலடிக்கு நாலடி கம்பி வலை அடைத்து, மேலே நிழலுக்குக் கீற்று வேய்ந்து, குட்டியை அங்கே இருக்கச் செய்ய வேண்டும். ஆடுகள் வலை வழியே மோந்து பார்க்கும். குட்டியும் மோந்து பார்க்கும். இரவில் ஆட்டின் மூச்சும் புழுக்கை வாசமும் அதற்குப் பழகும். பகலில் நாம் அருகில் இருக்கும்போது சாதுவான இரண்டு மூன்று கிழட்டு மறிகளுடன் திறந்து விடலாம். துள்ளி வரும் குட்டியை முட்டித் தள்ளும் கிழட்டு ஆடு ஒன்று இருந்தால் அதுவே நல்ல வாத்தியார். ஆனால் கன்று ஈன்ற மாட்டின் அருகில் குட்டியை விடக் கூடாது. ஒரு உதையிலோ முட்டிலோ கதை முடிந்துவிடும்.

வீட்டுக்காரர்களும் தினமும் தொட்டுத் தடவி, காது, வாய், கால் விரல் இடுக்கு எல்லாம் பார்க்க இடம் கொடுக்கும்படி பழக்க வேண்டும். யாரும் தொடாமல் வளர்ந்த நாய்தான் காவலில் சிறந்தது என்பது தவறான எண்ணம். தொட முடியாத நாய்க்கு யார் தடுப்பூசி போடுவது? உண்ணி எடுப்பது?

ஐந்தாம் மாதம் முதல் பதினைந்தாம் மாதம் வரை

நாயை இழப்பதும் பெறுவதும் இந்தக் காலத்தில்தான். நாலாம் மாதத்திலிருந்து ஏழாம் மாதத்திற்குள் பால் பல் விழுந்து நிலைப் பல் முளைக்கும். ஈறு அரிப்பதால் கண்டதையெல்லாம் கடிக்கும். பழைய தோல் துண்டு, முடிச்சுப் போட்ட கெட்டிக் கயிறு, தென்னை மட்டைத் துண்டு இவற்றைக் கொடுத்துவிட்டால் சொட்டுநீர்க் குழாய் தப்பும். வேகவைத்த கோழி எலும்பு கூடாது. சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

ஏழாம் மாதத்திற்குப் பிறகு உடல் முக்கால் வளர்ச்சி, புத்தி கால் வளர்ச்சி. ஆடு நடந்தால் சும்மா இருக்கும். ஆடு ஓடினால் இதுவும் ஓடும். ஓடும் ஆட்டின் பின்தொடைக் கம்பளியையோ காதையோ கவ்வும். ஆடு கத்தும், மேலும் ஓடும், நாய்க்கு மேலும் குஷி பிறக்கும். இது இரண்டு மூன்று முறை நடந்துவிட்டால் ருசி கண்டுவிடும், மாற்றுவது கடினம். ஆகவே தண்டிப்பதைவிட, நடக்கவிடாமல் தடுப்பதே வழி.

கழுத்துப் பட்டையில் பதினைந்து இருபது அடி நீளக் கயிறு ஒன்றைக் கட்டி, அதை இழுத்துக்கொண்டே திரியும்படி நாயை விட வேண்டும். கயிற்று நுனியில் முடிச்சு இருத்தல் ஆகாது, புதரில் சிக்கும். ஆட்டைப் பார்த்துக் காதை நிமிர்த்தி, உடலைத் தாழ்த்தும் அந்தக் கணத்திலேயே கயிற்றை மிதித்து, "வேண்டாம்" என்று அழுத்தமாகச் சொல்ல வேண்டும். துரத்தத் தொடங்கிய பின் கத்துவதில் பயன் இல்லை. நாமும் சேர்ந்து வேட்டையாடுவதாகவே அது நினைத்துக்கொள்ளும். ஆட்டைவிட்டு முகத்தைத் திருப்பி நம்மைப் பார்த்தால் உடனே ஒரு துண்டு கருவாடோ, ஒரு தட்டிக்கொடுப்போ கிடைக்க வேண்டும். உடனே என்றால் உடனேதான். ஒரு நிமிடம் கழித்துக் கொடுக்கும் பரிசும், மாலையில் வந்து காலைக் குற்றத்திற்குக் கொடுக்கும் அடியும் நாய்க்கு எதையும் உணர்த்துவதில்லை. இறந்த குட்டியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டால் திருந்தும் என்று சில இடங்களில் சொல்லுகிறார்கள். அதனால் நாற்றம்தான் மிஞ்சும்.

வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவது அவசியம். அப்பா "வா" என்பதும், பையன் "இங்க வாடா" என்பதும், ஆத்தா "ச்சூ ச்சூ" என்பதுமாக இருந்தால் நாய் யார் பேச்சைக் கேட்கும்? வா, நில், வேண்டாம், விடு இந்த நாலு சொல் போதும். காலையில் கால் மணி, மாலையில் கால் மணி பழக்கினால் இரண்டு மாதத்தில் பிடிபடும். பிள்ளைகள் விளையாட்டாக "பிடி, பிடி" என்று கோழி மீதும் இருசக்கர வண்டி மீதும் ஏவிவிடுவதை அடியோடு நிறுத்த வேண்டும். ஏவும் கை ஒன்று, தடுக்கும் கை ஒன்று என்றால் நாய்க்குப் பைத்தியம் பிடிக்காதது அதிசயம்.

துடுக்கான நாய்க்கு உழைப்பு வேண்டும். பகல் முழுதும் இரண்டு முழச் சங்கிலியில் கட்டிப்போட்ட நாய், அவிழ்த்ததும் வெறி கொண்டது போல ஓடும். எதிரே வரும் ஆடுதான் அகப்படும். முதலில் நம்முடன் காட்டைச் சுற்றி இரண்டு மைல் நடத்தி, அலுப்புத் தட்டிய பிறகு ஆட்டின் பக்கம் கொண்டுபோனால் பாதித் தொல்லை இல்லை. கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு கம்பங்களுக்கு இடையே தலைக்கு மேல் கம்பி இழுத்து, அதில் வளையம் கோத்துச் சங்கிலியை மாட்டலாம். முப்பது அடிக்கு நாய் உலவ இடம் கிடைக்கும். நிழலும் தண்ணீரும் அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும்.

ஆடு ஈனும் சமயம்

ஒன்றரை வயது ஆகாத நாயை ஈனும் ஆட்டின் அருகில் தனியே விடுதல் கூடாது. பிறந்த குட்டியை நக்கத் தொடங்கி, ஈர வாலைக் கடித்துவிடும் நாய்கள் உண்டு. கெட்ட எண்ணத்தால் அல்ல, இரத்த வாசத்தால். இளங்கொடியை நாய் தின்னட்டும் என்று விடுவதும் தவறு. கருச்சிதைவு நோய்க் கிருமிகள் அதில் இருக்கக்கூடும். ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். குட்டிகளைக் குடாப்பில் அடைத்துவிட்டு நாயை வெளியே உட்கார வைத்துப் பழக்குவது நல்லது. நாய் வைக்கோற்போர் மேலும், தீவனத் தொட்டியிலும் படுத்து அசுத்தம் செய்யாதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் மூலமும் மாடுகளுக்குக் கருச்சிதைவு உண்டாக்கும் கிருமி பரவுகிறது.

தீனி

வளரும் குட்டிக்கு வெறும் மோர்ச்சோறு போதாது. நாலு மாதம் வரை நாளைக்கு மூன்று நாலு வேளையும், ஓராண்டுக்குப் பின் இரண்டு வேளையும் கொடுக்கலாம். கம்பு அல்லது கேழ்வரகுக் களியுடன் முட்டை, உப்பு குறைந்த கருவாடு, வேகவைத்த இறைச்சிக் கழிவு இவற்றில் ஒன்று தினமும் சேர வேண்டும். ஆடு அடைக்கும் நேரத்தில் பட்டி வாசலில் வைத்தே தீனி கொடுத்தால் அந்த இடம் தன்னுடையது என்ற எண்ணம் பதியும்.

நாடாப்புழு: பலர் அறியாத நஷ்டம்

சில ஆடுகள் தலையைச் சாய்த்து ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து, கண் தெரியாமல் முட்டி மோதி இறப்பதைக் கண்டிருப்பீர்கள். இதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று நம் நாயின் குடலில் வாழும் நாடாப்புழு. அதன் முட்டைகள் நாயின் மலத்தில் வெளியேறிப் புல்லில் ஒட்டும். அதை மேயும் ஆட்டின் மூளையில் நீர்க்கொப்புளம் வளரும். அந்த ஆட்டை அறுத்துத் தலையை நாய்க்கு எறிந்தால் புழு மீண்டும் நாய்க்குள் போய்விடுகிறது. இப்படிச் சக்கரம் சுற்றுகிறது.

இன்னொரு நாடாப்புழு நெல்மணியினும் சிறியது. நாயின் மலத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஆடு மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் இது நீர்க்கட்டிகளை உண்டாக்கும். இதன் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் நமக்கும் ஈரலில் கட்டி வளரும். அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும். நாயைத் தடவிய கையோடு சோறு உண்ணும் குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம்.

தடுப்பது எளிது. கொப்புளம் கண்ட ஈரல், நுரையீரல், தலை எதையும் நாய்க்குப் பச்சையாகப் போடக் கூடாது. புதைக்க வேண்டும், அல்லது அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவைக்க வேண்டும். செத்த ஆட்டைக் கிணற்றோரமும் ஓடையிலும் வீசுவது நாய்க் கூட்டத்திற்கு விருந்து வைப்பதாகும். அதுவும் ஆட்டிறைச்சி விருந்து. குடற்புழு மருந்து குட்டிக்கு இரண்டாம் வாரம் தொடங்கி இரண்டு வாரத்திற்கு ஒரு முறை எட்டு வாரம் வரையும், பிறகு மாதம் ஒரு முறை ஆறு மாதம் வரையும், அதன்பின் மூன்று மாதத்திற்கு ஒரு முறையும் தர வேண்டும். எல்லா மாத்திரையும் நாடாப்புழுவைக் கொல்லாது. பிரசிகுவான்டல் என்ற மருந்து சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். ஆட்டுக்கு வாங்கிய புழு மருந்தையோ உண்ணி மருந்தையோ அளவு தெரியாமல் நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். அதனால் உயிரிழந்த நாய்கள் உண்டு.

வெறிநோய்

ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ முதலிய நோய்களுக்கான தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். குட்டி இரத்தக் கழிச்சல் கண்டு இரண்டு நாளில் இறப்பது பெரும்பாலும் இந்தப் பார்வோவினால்தான். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத வயதில் முதல் முறை, சுமார் ஒரு மாதம் கழித்து மறுமுறை, பிறகு ஆண்டுதோறும். பட்டி நாய் வெளி நாய்களுடன் சண்டையிடும் நாய். வீட்டு வாசலில் படுக்கும் நாயைவிட இதற்குத்தான் இந்த ஊசி கட்டாயம். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், புண்ணைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சளும் மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் அப்புவது வேண்டாம். வெளி நாய் கடித்துப் பிழைத்த ஆடு மாடுகளுக்கும் புண்ணை அவ்வாறே கழுவி, கால்நடை மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசித் தொடர் போட்டுவிட வேண்டும். கடிபட்ட ஆட்டைப் பரிசோதிக்காமல் அறுத்து விற்பது அபாயம்.

இரவில் எங்கே இருக்க வேண்டும்?

ஒரே ஒரு நாய் ஐந்தாறு நாய்க் கூட்டத்தை எதிர்த்து வென்றுவிடும் என்று எண்ண வேண்டாம். அதன் வேலை முன்கூட்டியே குரைத்து நம்மை எழுப்புவதும், கூட்டத்தைத் தயங்கச் செய்வதும். மற்றதை ஐந்தடிக் கம்பி வலையும், விளக்கும், கையில் தடியுடன் வரும் ஆளும் செய்ய வேண்டும். வலையின் அடிப்பாகத்தை ஓரடி வெளிப்புறமாக மடித்து மண்ணில் புதைத்தால் தோண்டி நுழைய முடியாது. இளம் நாயை ஆட்டுடன் சேர்த்து உள்ளே அடைக்காமல், பட்டியின் உள்வேலிக்கும் வெளிவேலிக்கும் இடையே விடுதல் உத்தமம்.

இங்கே ஒன்றைக் கசப்பானாலும் சொல்லியாக வேண்டும். ஆட்டைக் கடிப்பவை எல்லாம் ஊர் பேர் தெரியாத தெருநாய்கள் அல்ல. பகலில் சாதுவாக வாசலில் படுத்திருந்து, இரவில் அவிழ்த்துவிட்டதும் ஒன்று கூடி அடுத்தவர் காட்டுக்குப் போகும் வீட்டு நாய்களும் அக்கூட்டத்தில் உண்டு. தன் பட்டி ஆட்டைத் தொடாத நாய், பழகாத மந்தையைத் துரத்தத் தயங்காது. விடியற்காலையில் நாய் ஈரக்காலோடு, வாயோரம் கம்பளி மயிருடன் திரும்பினால், அன்றிரவு முதலே அதைக் கட்ட வேண்டியதுதான்.

ஊர் சுற்றுவதில் கடுவனுக்கு ஆசை அதிகம். கருத்தடை செய்தால் அது குறையும்; காவல் குணம் குறைவதில்லை. பெட்டை நாய் காவலுக்கு மட்டம் என்பதும் ஆதாரமற்றது. ஆனால் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் பருவத்திற்கு வந்துவிடும். அப்போது சுற்று வட்டார நாய்களெல்லாம் உங்கள் பட்டியைச் சுற்றித்தான் நிற்கும். சினைக்காலம் சுமார் 63 நாள். ஐந்தாறு குட்டிகளை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் சாலையோரம் விடுவதைவிட, முன்பே கருத்தடை செய்துவிடலாம். எந்த வயதில் செய்வது என்பதைத் தடுப்பூசிக்குப் போகும்போதே கால்நடை மருத்துவரிடம் கேட்டு, தேதியைக் குறித்து வாங்கிவருவது நல்லது. ஊசி போட்ட அட்டையை ரேஷன் கார்டுடன் சேர்த்து வைத்தால் தேடும்போது கிடைக்கும்.